கமரூன் காணிக்கு யாழ்ப்பாணத்துச் சாட்சி

ஹம், ஜெர்மனி, வைகாசி 14

வுப்பர்டாலில் மூன்று மாடிப் படிகளோடும் முழங்கால் வலியோடும் மல்லுக்கட்டும் என் அன்புக்குரிய சந்திரகாந்தி அக்காவுக்கு, தம்பி ஆனந்தராசா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு மறுமொழி போடுங்கோ. என்னைத் திட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அக்கா, ஒரு சந்தோசச் செய்தி! போன கிழமை முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நான் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேனா, என்னோடு வேலை செய்யும் பெலிசிதே, கமரூன்காரி, நாற்பத்திரண்டு வயது, கலியாணம் கட்டாதவள், ஊரிலிருக்கும் சித்தப்பாவோடு வீடியோவில் சண்டை பிடிக்கிறாள். விசயம் என்னவென்றால், ஊருக்குத் திரும்பித் தகப்பன் கொத்திய நிலத்தில் கச்சான் கடலை போடப்போகிறாளாம்; மழைக்கு முன் நிலம் பிரித்துக் கொடுக்கும் சித்தப்பாவோ, "புருசனைக் கூட்டிக்கொண்டு வா, அவன்ர பேரில தாறன்" என்கிறாராம். அவள் அழவில்லை அக்கா, தலையணை உறையை உதறிய உதறலில் பொத்தான் தெறித்து என் கண்ணாடியில் பட்டது. என் வாய் சும்மா கிடக்குமா? போனுக்குள் மூக்கை நீட்டினேன். கிழவர் துள்ளி எழும்பினார்: "மாப்பிள்ளை வந்திட்டார்!" "ஐயோ, எனக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறா, அவவே காணும்" என்று பெலிசிதேயை மொழிபெயர்க்க வைத்து, பிடித்தேன் பாருங்கோ ஒரு பிரசங்கம்: "எங்கட யாழ்ப்பாணத்தில பொம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் காணி! என்ர அக்கா கலியாணம் கட்டேல்லை. ஆனா ரெண்டு பரப்பு, கிணத்தோட, அவவின்ர பேரில!" கிழவர் தாடியைத் தடவி, "அக்கா உறுதிப் பத்திரத்தோட அந்தக் காணியில நிக்கிற படத்தைக் காட்டு, இவளுக்கு நிலம் தாறன்" என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அப்பா உங்கள் சீதனத்துக்கு வைத்த காணி, "அக்காவுக்குச் சம்பந்தம் பொருந்தும்வரை" என்று என் பேரில் கிடப்பது முப்பத்தொரு வருசமாயிற்றே! என் மனுசி சுகன்யாதேவியிடம் சொன்னேன். "கமரூன் சித்தப்பா உங்களைவிடத் திறம். படத்தைக் காட்டினால் தாறன் எண்டாவது சொல்லுறார்" என்றாள். ரோசம் வந்துவிட்டது. இலங்கைத் தூதரகத்தில் நேரம் குறித்து டெர்மின் எடுத்து, காணியை உங்கள் பேருக்கு மாற்ற அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவப் பத்திரத்தில் நேற்றே கையெழுத்து வைத்துவிட்டேன். ஆனியில் ஊருக்குப் போகிறீர்கள்தானே? உறுதியோடு கிணற்றடியில் நின்று, சிரித்தபடி ஒரு படம்!

உங்கள் முழங்கால் மடங்கவும் பெலிசிதேயின் கச்சான் விளையவும் எங்கள் காமாட்சி அம்மனை வேண்டும்,
தம்பி ஆனந்தராசா

பி.கு: படம் எடுத்த கையோடு காணியைத் திரும்ப என் பேருக்கு எழுதிவிடுங்கோ. தனிப் பொம்பிளைக்கு எதற்கு அந்தக் கரைச்சல்?

இன்னொரு பி.கு: மச்சாள், கடிதத்தை ஒட்டுறது நான். கையெழுத்து வைச்ச பத்திரம் உள்ளுக்க இருக்கு. மேல இருக்கிற பி.கு.வை வாசிக்காதேங்கோ. படத்தில ரெண்டு பிரதி எடுங்கோ: ஒண்டு கமரூன் சித்தப்பாவுக்கு, மற்றது உங்கட தம்பிக்கு. சுகன்யாதேவி.