கீரிப்பாறை பஸ்ஸில் போன பெனிஷ்

சுசீந்திரம் பஸ் நிறுத்தத்தில் இறங்கினாலே அந்தப் பேனர் கண்ணில் படும். வெள்ளை ஜிப்பா, மூடிய கண்கள், தலைக்குப் பின்னால் டியூப் லைட்டை வளைத்தது போல ஒரு ஒளிவட்டம். ‘காணாத பிள்ளையைக் காண்பவர், தரிசன அண்ணாச்சி வெளிச்சராஜ்.’ கண்ணை மூடிக்கொண்டு காண்பதுதான் இதில் விசேஷம். கண்ணைத் திறந்து பார்க்கிற வேலையை நாம் எல்லோரும் தினமும் செய்கிறோம். அதற்கு யார் மண்டபம் எடுப்பார்கள்?

கூட்டத்துக்குக் குறைவில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து வேன் பிடித்து வந்தார்கள். மலையிலிருந்து பஸ் மாறி வந்தார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள். அவர்களுடைய பயம் பொய்யில்லை. கதவு திறந்து கிடந்தால் பிள்ளை போய்விடும். பேர் கேட்டால் சொல்லாது. இந்த நாட்டில் எந்தத் திசையில் நடந்தாலும் குளமோ கால்வாயோ குறுக்கே வரும். பயம் நிஜமாக இருக்கிற இடத்தில்தான் கடை நன்றாக ஓடும். அண்ணாச்சிக்கு இது தெரியும். முன்பு வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்றவர் அவர்.

இப்போது விற்பது காவல் பட்டை. முதலில் அதற்குக் காவல் கயிறு என்றுதான் பேர். கிறிஸ்தவ சபைக்காரர்கள் கயிறு கட்ட மாட்டோம் என்று முகத்தைச் சுளித்ததும் அண்ணாச்சி பேரை மட்டும் மாற்றினார். கயிறு பட்டையானது, பாவம் போய்விட்டது. அதைக் கையில் கட்டிய பிள்ளை எங்கே இருந்தாலும் அண்ணாச்சிக்கு உள்ளுக்குள்ளே தெரியுமாம்.

குளோரி இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிரீனா வாயால்தான் கேட்டாள். ஒருநாள் அவள் போனபோது, பிரீனா தன் மகன் பெனிஷின் கையிலிருந்த பட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரும் போன் நம்பரும் அச்சடித்த பட்டி. குளோரிதான் செய்து கொடுத்தது.

“ஏட்டி, என்னத்துக்கு வெட்டுதா?”

“மனுசன் எழுதின நம்பர் கெடக்க கையில மேலான காவல் நிக்காதாம் எக்கா. அண்ணாச்சி சொல்லீட்டாரு. கேட்டுல மேல போட்ட கொண்டியையும் எடுக்கச் சொன்னாரு. சந்தேகம் இருக்க வீட்டுல பட்டை வேல செய்யாதாம்.”

“மேலான காவலுக்கு ஒரு போன் நம்பரப் பாத்தா பயமாக்கும்?”

பிரீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “உனக்குத் தெரியாது எக்கா. நாங்க ஒண்ணுமே சொல்லாம அவரு பெனிஷப் பத்தி எல்லாம் சொன்னாரு. மிக்சி சத்தம் கேட்டா காதப் பொத்துவாம், மலைக்குப் போற கீரிப்பாறை பஸ்ஸக் கண்டா ஏறிருவாம்னு. அவருக்க கையில போனு கூடக் கெடையாது.”

“ஒண்ணுமே சொல்லலியா?”

“ஜெபக்குறிப்புல போட்டேன். அவரிட்ட சொல்லல.”

எங்களுக்காக ஜெபியுங்கள் என்று எழுதிக் கொடுக்கிற ஜெபக்குறிப்பு என்றால் நம் ஊரில் யாரும் எதையும் ஒளிப்பதில்லை. கடன்காரனிடம் சொல்லாததை, டாக்டரிடம் சொல்லாததை, ஜெபக்குறிப்பில் சொல்லிவிடுவோம். அண்ணாச்சி அதற்கென ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். லிங்க் கிடைத்த யாரும் சேரலாம். குளோரி பிரீனாவின் போனை வாங்கிப் பார்த்தாள். பெனிஷின் படம். வீட்டு அடையாளம். சாயங்காலம் எந்த நிறுத்தத்தில் தனியாக நிற்பான் என்பது. பஸ் படம் காட்டினால் யார் பின்னாலும் போவான் என்பது. அடியில் வரிசையாக ஆமென், ஆமென், ஆமென். அதில் பாதிப் பேரை யாருக்கும் தெரியாது.

“மக்கா, இது ஜெபக்குறிப்பு இல்ல. பிள்ளையக் கூட்டிட்டுப் போறதுக்கு நீயே வழி சொல்லிக் குடுத்திருக்கா.”

குளோரி தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். அவளுடைய தம்பி ஷிபினும் பெனிஷ் மாதிரிதான். பழையாறு கரை உடைத்த வருஷம் அவன் வீட்டைவிட்டு இறங்கிவிட்டான். தேடப்போனவர்கள் நல்லவர்கள். விசில் அடித்தார்கள், டார்ச் அடித்தார்கள், ஒரே நேரத்தில் எல்லோரும் பேர் சொல்லிக் கத்தினார்கள். ஷிபின் வெள்ளத்துக்குப் பயப்படவில்லை. விசிலுக்குத்தான் பயந்தான். சத்தம் இல்லாத பக்கமாக நடந்தான். அந்தப் பக்கம்தான் ஆறு இருந்தது.

“பைய ஒரு ஆளு மட்டும் போய்க் கூப்பிட்டிருந்தா வந்திருப்பாம். அத யாருக்கும் முன்னாலயே சொல்லி வைக்கல நாங்க. இப்ப நீ இருக்கதையும் அறுக்கா.”

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. ஒரே ஒரு சோதனை. அண்ணாச்சி ஜெயித்தால் குளோரியே பட்டையைக் கட்டிவிட்டு, கொண்டியையும் கழற்றித் தருவாள்.

சனிக்கிழமை மதியம் மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. மேடையில் போனை ஸ்டாண்டில் வைத்து லைவ் ஓடியது. அண்ணாச்சி கையில் போன் இல்லை. காதில் மட்டும் ஒரு கருவி. காது மந்தம் என்றார்கள். அடுத்தவர் துக்கத்தைக் கேட்டுக் கேட்டே மந்தமானது என்று ஒரு பக்தர் விளக்கமும் கொடுத்தார்.

ஸ்பீக்கர் அலறியதால் பெனிஷை ஹெட்போனுடன் மேடை ஓரத்துத் திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வளர்ந்த பையன். பேச்சு கொஞ்சம்தான். ஆனால் காதில் விழுவதை அப்படியே திருப்பிச் சொல்வான். பஸ்ஸில் போனால் கண்டக்டருக்கு வேலை மிச்சம்.

பேசி வைத்தபடி பிரீனா குழுவில் போட்டாள். ‘பெனிஷைக் காணவில்லை. ஜெபியுங்கள்.’ பையன் எதிரேதான் இருக்கிறானா என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டுதான் அதை அனுப்பினாள்.

அண்ணாச்சி கையை உயர்த்தினார். “அமைதி. தரிசனம் வருது.”

பாட்டு நின்றது. ஸ்பீக்கர் நின்றது. சத்தம் போனதும் பெனிஷ் நிம்மதியாக ஹெட்போனைக் கழற்றினான். திரைக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். மண்டபத்துக்கு அது கேட்கவில்லை. பெனிஷுக்குக் கேட்டது. அவன் உரக்கச் சொன்னான்.

“பெனிஷ். சுசீந்திரம். அம்மா பிரீனா. காணல.”

மேடையில் அண்ணாச்சி நெற்றியைச் சுருக்கினார். “ஒரு பேர் வருது… பெனிஷ்… சுசீந்திரம்… தாய் பேரு பிரீனா… அந்த மகனைக் காணல.”

முன்வரிசையில் சிலர் திரும்பினார்கள்.

“கீரிப்பாறை பஸ் பிடிக்கும், ரப்பர் தோட்டம்னு அடிச்சு விடுங்க,” என்றான் பெனிஷ், பாடம் ஒப்பிப்பது போல.

“அவன் ஒரு பஸ்ல ஏறினான்…” அண்ணாச்சியின் கண்கள் இறுக மூடியிருந்தன. தரிசனத்தின் கஷ்டமே அதுதான், எதிரே நடப்பது தெரியாது. “கீரிப்பாறை பஸ்… ரப்பர் மரங்களுக்கு நடுவுல நிக்கான்… என் பட்டை அவனக் காக்குது…”

“பெனிஷ் இங்க இருக்கான்,” என்றான் பெனிஷ். இது யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை.

பிரீனா எழுந்து போய்த் திரையை இழுத்தாள். உள்ளே ஒரு ஆள், ஒரு போனில் ஜெபக்குறிப்பும் இன்னொரு போனில் அண்ணாச்சியின் காதுமாக உட்கார்ந்திருந்தான். லைவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ஆமென்கள் வந்துகொண்டே இருந்தன.

“ரப்பர் தோட்டத்துல நிக்கவன் இவன்தானா அண்ணாச்சி? கொஞ்சம் கண்ணத் தொறந்து பாத்துச் சொல்லுங்க,” என்றாள் பிரீனா.

காது மந்தத்துக்கு விளக்கம் கொடுத்த பக்தர் மட்டும் விடவில்லை. “உடம்பு இஞ்ச இருக்கு. ஆத்மா பஸ்ல போயிருக்கும்.”

“அப்ப டிக்கெட் யாரு எடுத்தா?” என்றாள் குளோரி.

சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணாச்சி பின்வாசல் வழியே இறங்கிவிட்டார். காது மந்தமானவர், தன்னைக் கூப்பிட்ட எவருக்கும் திரும்பவில்லை.

ஓர் அம்மா அழாத குறையாகக் கேட்டாள். “இனி யாரிட்ட போவேன் நான்?”

“அடுத்த வீட்டுக்குப் போங்க அக்கா. டீக்கடைக்காரரிட்ட, போலீஸ் ஸ்டேஷன்ல, தீயணைப்பு ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க. பிள்ளைக்க பேரு இது, எந்தத் தண்ணியப் பாத்தா ஓடுவாம், எப்படிக் கூப்பிட்டா வருவாம்னு. ஊரு பேரு தெரியாதவனுக்குப் படம் அனுப்பாதீங்க. நீச்சல் படிச்சுக் குடுங்க,” என்றாள் குளோரி.

“அவ்வளவுதானா?” என்றாள் அந்த அம்மா. ஏமாற்றம் தெரிந்தது. இதில் ஒளிவட்டம் இல்லை.

அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் தங்கள் பட்டைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, அண்ணாச்சியின் அடுத்த கூட்டம் எந்த ஊரில் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். போகட்டும். நம் வாயிலிருந்து பிடுங்கியதையே நமக்கு அருள்வாக்காக விற்பவனுக்கு மூளை இருக்கிறது. வாங்குகிற நமக்கும் ஒன்று உண்டு. அதை எந்தக் குழுவில் போட்டுவிட்டு வந்தோம் என்றுதான் தேட வேண்டியிருக்கிறது.