அம்பாசடருக்கு பிரஷர் பார்த்தது

கள்ளக்குறிச்சி,
20.9.1987

அன்புமிக்க மாப்பிள்ளை இளஞ்செழியன் அவர்களுக்கு, மாமனார் மாயவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை சாலம்மாளும் நலம். கரியாலூரில் தாங்களும், மகள் விஜயலட்சுமியும், இன்னும் பெயர் வைக்காத அந்த மூன்றாவது ஆளும் குறைவில்லாமல் இருக்க மலைமேல் உள்ள எல்லா சாமியையும் வேண்டிக்கொள்கிறேன்.

கவலைப்பட ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படிக்கப் படிக்க உங்களுக்குக் கவலை வரக்கூடும்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது நம் வழக்கம். வளைகாப்பு அன்றைக்கே பெண்ணை அழைத்து வந்திருப்பேன். ஆனால், "பஸ்ஸில் வைத்து என் பெண்ணை மலை வளைவில் குலுக்க மாட்டேன், காரில்தான் கூட்டிப் போவேன்" என்று உங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் வாய் விட்டுவிட்டேன். கார் தேடிக்கினு இருந்ததில் மாதம் ஒன்பதாகிவிட்டது. இப்போது பார்த்து இட ஒதுக்கீடு கேட்டு மறியல் வந்து, ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது, புளியமரங்கள்தான் பாவம். மறியல் முடிந்ததும் கிளம்ப வண்டி தயாராக இருக்க வேண்டுமே என்பதுதான் என் யோசனை.

நைனார்பாளையம் பண்ணைக்காரர் ஒருவருடைய பழைய அம்பாசடர் நம் வாசலில் வந்து நிற்கிறது. எனக்குப் பார்த்த உடனேயே பிடித்துவிட்டது, எலுமிச்சம்பழம்கூடக் கட்டிவிட்டேன். உங்கள் அத்தைதான், "சோதிச்சுப் பாக்காம மாடு கூட வாங்க மாட்டாங்க, நீங்க காரு வாங்கறீங்க" என்றாள். அதனால் மெக்கானிக் நவுஷாத்தை வரவழைத்தேன். அவர் வண்டியைக் கொஞ்சம் ஓடவிட்டு, சூடானதும் நிறுத்தி, நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு மீட்டரைத் திருகி, என்னை ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை இழுக்கச் சொன்னார். கம்ப்ரஷன், அதாவது இன்ஜினுக்குள்ளே காற்று எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கிறாராம். அந்த மீட்டரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது மாப்பிள்ளை. வட்டக் கண்ணாடி, உள்ளே ஊசி. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த காலம் முழுக்க பிரஷர் பார்க்க நான் கையில் வைத்திருந்த அதே சாமான்.

முதல் இரண்டு சிலிண்டரும் நூற்றிருபது காட்டின. அடுத்த இரண்டும் எண்பது. நூற்றிருபதுக்கு எண்பது. இந்தத் தாலுகாவில் அப்படி பிரஷர் உள்ள மனிதனைக்கூட நான் அதிகம் பார்த்ததில்லை. வண்டிக்குக் கை கொடுக்கலாம் போல இருந்தது. நவுஷாத் முகத்தைச் சுளித்தார்.

"நாலும் நூறு இருந்தாகூட ஓட்டிடலாம் சார். நாலும் ஒண்ணா இருக்கணும். இப்படி ஜாஸ்தி கம்மியா இருக்கக் கூடாது."

"மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு இருக்கத்தானேப்பா செய்யும்" என்றேன்.

அவர் கம்மியான இரண்டிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தார். ஊசி எண்பதை விட்டு அசையவில்லை. எண்ணெய் உள்ளே போயும் பிரஷர் ஏறவில்லை என்றால் எப்பேர்ப்பட்ட உடம்பு அது. எனக்கு இரண்டு போண்டா தின்றால் ஏறிவிடுகிறது.

"எண்ணெய்க்கு ஏறியிருந்தா பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்குனு அர்த்தம் சார். இது ஏறல. பக்கத்துப் பக்கத்துல ரெண்டும் ஒண்ணா எறங்கியிருக்கு. நடுவுல அடைக்கிற தகடு, கேஸ்கட் போயிருக்கு, இதோட காத்து அதுக்குப் போவுது. சேலத்துல இருந்து கேஸ்கட் வரணும். லாரி எங்க ஓடுது இப்போ?"

பிறகு பிளக்குகளை மாட்டி, வண்டியை மறுபடி ஓடவிட்டு, ரேடியேட்டரைத் திறந்து காட்டினார். தண்ணீரில் குமிழ் குமிழாக வந்துகினு இருந்தது. இதற்கெல்லாம் சேலம் போவார்களா. வாயு. அந்தக் காலத்தில் நானே கலக்கிக் கொடுத்த கார்மினேட்டிவ் மிக்சர் ஒரு வாய் போதும் என்றேன். நவுஷாத் அந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கினு தோள் குலுங்க நின்றார். அவருக்கும் உடம்பு சரியில்லை போலிருக்கிறது, வேலை ஜாஸ்தி.

ஆகவே வண்டி ஆரோக்கியம் என்று முடிவு செய்துவிட்டேன். மறியல் எடுத்த மறுநாளே காரோடு வந்து நிற்பேன். விஜயாவைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள். எனக்கு இருப்பது ஒரே பெண். அவளை அங்கே விட்டுவிட்டு இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை, அதை உங்களிடம் சொல்ல வெட்கமில்லை. தபால் ஓடவில்லை, மலையிலிருந்து தேன் கொண்டுவந்த பழனியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கவும்.

பதினாறும் பெற்று வாழுங்கள். முதலாவது நம் வீட்டில் பிறக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்,
கி. மாயவன், கம்பவுண்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு அத்தை சாலம்மா எழுதறது. உங்க மாமா கடுதாசிய மேசை மேல வெச்சிட்டு குளிக்கப் போயிருக்காரு. எடுத்துப் படிச்சேன். இன்னாத்த சொல்றது. நவுஷாத் தம்பி என்கிட்ட தனியா சொல்லிட்டுதான் போச்சு, "அக்கா, இது கீழ ஓடும், மலை ஏறாது, நடு வளைவுல நின்னுடும்"னு. நெறமாசப் புள்ளைய அதுல ஏத்த நான் சம்மதிக்க மாட்டேன். வண்டிச் சாவி அரிசிப் பானைக்குள்ள கெடக்குது, இவரு ஜென்மத்துக்கும் அங்க தேட மாட்டாரு. தாய் வூட்டுல பிரசவம்னா தாய் இருக்கிற எடந்தானே தாய் வூடு. பழனி கூட நானும் நடந்தே கெளம்பிட்டேன். இன்னிக்கு கச்சிராயபாளையத்துல எங்க அக்கா வூட்டுல படுத்துட்டு, விடிஞ்சதும் மலை ஏறிடுவேன். இந்தக் கடுதாசிய உங்க கையில குடுத்ததே நான்தான், நிமிந்து பாருங்க. படிச்ச வரைக்கும் போதும். கால் கழுவ ஒரு சொம்புத் தண்ணி கொண்டாங்க. விஜயாவ ஓடியாரச் சொல்லாதீங்க, மெதுவா வரட்டும்.