சமையலறை வாசற்படியில் ஒரு மாநில எல்லை

மதிப்பிற்குரிய மைத்துனர், அரசியலமைப்பு வரைவுக் குழுவின் அந்நாள் மிக இளைய உறுப்பினர், இந்நாள் சட்டக் கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன், ஓய்வுபெற்ற தபால் பிரிப்பாளன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அக்காவும் நலம். ஆனால் வெவ்வேறு மாநிலங்களில் நலம். நீங்கள் பெரிய மனிதராகிவிட்டதால் ‘நீங்கள்’ என்றே ஆரம்பித்திருக்கிறேன். நடுவில் ‘நீ’ என்று வந்தால் அது கோபம் என்று புரிந்துகொள்ளவும்.

நம் நாட்டுக்கு இப்போது பதினோரு வயது. ஆறு மொழி, மூன்று மாநிலம், ஒரே அரசியலமைப்பு. அந்த அரசியலமைப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம் இணைத்திருக்கிறீர்கள். மாநில எல்லைகளைப் பழுப்பு மையில் போட்டிருக்கிறீர்கள். இத்தனை வருடம் யாரும் அதை உற்றுப் பார்க்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன் புதிதாக வேலைக்கு வந்த நில அளவையர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் தொலைத்தார். நேராக வந்த எல்லைக்கோடு எங்கள் ஊர் வந்ததும் வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மேலே போகிறதாம். வட்டம் போகிற வழியெல்லாம் வயலும் குட்டையும். ஆள் குடியிருக்கும் ஒரே இடம் எங்கள் வீடு. அவர் நேரே உள்ளே வந்து, சமையலறை வாசற்படியில் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“ஐயா இப்ப எங்க உட்காந்திருக்கீங்க?”

“ஹால்ல, நாற்காலியில.”

“அம்மா?”

“அடுப்படியில.”

“எப்பவும் இப்படித்தானா?”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். “முப்பத்துநாலு வருஷமா இப்படித்தான்” என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் தெற்கு மாநிலத்தவன், உங்கள் அக்கா வடக்கு மாநிலத்தவள் என்று மறுநாளே தபாலில் வந்துவிட்டது.

அதிலிருந்து பட்ட பாட்டை எதில் ஆரம்பித்து எதில் முடிப்பது என்று தெரியவில்லை. சமையலறையின் ஆட்சிமொழி வடக்கு மொழி. உங்கள் அக்கா அடுத்த வீட்டு அம்மாளிடம் பேசிப் பேசி அதை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டாள். நான் கொஞ்சம் உப்பு கேட்க வேண்டுமென்றால்கூட அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கிறது. சமையலறை விளக்குக்குச் சுவிட்சு ஹாலில் இருப்பதால் மின்சாரம் மத்தியப் பட்டியலிலா பொதுப் பட்டியலிலா என்று முடிவாகும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்று முத்திரை வைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய் முதலில் சமையலறைக்கு வந்து, பிறகு குளியலறைக்குப் போகிறது. ஆகவே அவள் மேல்மடை, நான் கீழ்மடை. போன வாரம் தலையில் சோப்போடு நின்றுகொண்டு, “தண்ணிய விடு” என்று கத்தினேன். “நடுவர் மன்றத்துக்குப் போங்க” என்று பதில் வந்தது.

இதெல்லாம் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது அந்தப் படிவம். கணவன் ஒரு மாநிலம், மனைவி ஒரு மாநிலம் என்று ஆகிவிட்டால், தொண்ணூறு நாளுக்குள் இருவரும் தங்கள் விருப்பத்தைப் புதிதாக எழுதிக் கையெழுத்திட வேண்டுமாம். இல்லாவிட்டால் திருமணம் தானே காலாவதியாகிவிடுமாம். நான் ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தினேன். உங்கள் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு முறை படித்தாள். “யோசிச்சுச் சொல்றேன்” என்று உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டாள். எண்பத்திரண்டு நாள் ஆகிவிட்டது.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்று நேற்றும் கேட்டேன்.

“கல்யாணத்தப்ப யாரும் என்னைக் கேக்கல. இப்பத்தான் அரசாங்கம் கேக்குது. நிதானமா பதில் சொல்றேனே” என்றாள்.

மைத்துனரே, எனக்குப் பயமாக இருக்கிறது. அறுபத்திரண்டு வயதில் காலாவதியாவதற்கு மனம் ஒப்பவில்லை.

வழக்குப் போட்டேன். ஐந்து நீதிபதிகள் நேரில் பார்வையிட வந்தார்கள். நடுநிலை கெடக்கூடாது என்று இருவர் சமையலறையிலும் இருவர் ஹாலிலும் நிற்க, தலைமை நீதிபதி வாசற்படியில் ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்கும் வைத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் நின்றார். வடக்கு மாநில வழக்கறிஞர், அரசியலமைப்பை எழுதியவர்கள் மனதில் என்ன இருந்ததோ அதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். தெற்கு மாநில வழக்கறிஞர், அரசியலமைப்பு வளருகிற பிள்ளை, பிறந்த அன்று தைத்த சட்டையைப் பதினோரு வயதில் மாட்டமுடியாது என்றார். அந்த வட்டம் முழு வட்டமில்லை, ஓரிடத்தில் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது. அதற்கு மட்டும் முக்கால் மணிநேரம். இனங்களுக்கு இடையே அன்பு நடமாட விட்ட வாசல் அது என்றார் ஒருவர். அது வரைந்தவர்களின் தயக்கம், தயக்கமும் அரசியலமைப்பின் பகுதிதான் என்றார் மற்றவர். உங்கள் அக்கா நீதிபதிகளுக்கெல்லாம் கோப்பையில், அடியில் தட்டு வைத்து டீ கொடுத்தாள். எனக்கு மட்டும் வழக்கம்போல, கல்யாணத்துக்கு வந்து அடி நசுங்கிப்போன அந்தப் பழைய எவர்சில்வர் டம்ளர்.

கடைசியில் தலைமை நீதிபதி, வரைந்தவர்களில் ஒருவர் நோக்கத்தை எழுத்தில் தெரிவித்தால் தீர்ப்புச் சொல்வோம் என்றார். உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனி ‘நீ’தான்.

பதினோரு வருடத்துக்கு முன், வரைவு முடிகிற வாரம், நீ எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாய். எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்க அந்த வரைபடத்தை விரித்துவிட்டு எங்களைத் தரையில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்தாய். மேசை, வரைபடம், பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். அது எல்லையே இல்லையப்பா. அது டீக்கறை. எந்தப் பொருளையும் எங்கே வைக்கிறோம் என்று பார்க்காதவன் நீ, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நீ வைத்த டம்ளரால் ஒரு குடும்பம் இரண்டாகிவிட்டது. நீயோ இந்த மூன்று மாதத்துக்குள் அந்த வட்டத்தில் தெரியும் தொலைநோக்கு என்று நாற்பது பக்கம் சொற்பொழிவாற்றிப் பதக்கமும் வாங்கிவிட்டாய். பதக்கம் போனால் போகட்டும். ‘அது என் டீ’ என்று மூன்றே சொல் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பு. இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. மனிதன் பொறுப்போடு டம்ளர் வைக்கக் கற்றுக்கொள்ளாமல் கூட்டாட்சி எங்கே உருப்படப்போகிறது?

உனக்கும் உன் மனைவி மக்களுக்கும், மூன்று மாநிலங்களுக்கும், மத்திய அரசுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். எல்லோரும் நோய் நொடியின்றி ஒரே பக்கத்தில் வாழ்க.

இப்படிக்கு,
தெற்கு மாநிலத்து அத்தான்

பி.கு.: மாண்புமிகு முதல்வர் அவர்களே, உறையை ஒட்டுவதற்கு முன் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று உங்கள் அக்காவுக்கு இதைப் படித்துக்காட்டினேன். அவள் என் டம்ளரை எடுத்து, அதன் அடியை டீயில் நனைத்து, இந்தத் தாளின் பின்புறத்தில் ஒரு முறை வைத்து எடுத்தாள். திருப்பிப் பாருங்கள். நசுங்கிய இடத்தில் வட்டம் கொஞ்சம் விட்டுப்போயிருக்கும்.

“தம்பிக்கு அந்த வருஷம் வயித்துப்புண். வெந்நீரைத் தவிர ஒண்ணும் குடிக்கல. படத்து மேல டம்ளரை வெச்சது நீங்க. அடியில தட்டு வைங்கன்னு அப்பவே சொன்னேன்.”

“அஞ்சு நீதிபதி வந்தாங்களே, சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“அவங்க உங்களைக் கேட்டாங்க, தம்பியைக் கேக்கணும்னாங்க. என்னை யார் கேட்டா? அந்தப் படிவம் ஒண்ணுதான் கேட்டுது.”

பிறகு உப்பு ஜாடியை நகர்த்திப் படிவத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். நிபந்தனை என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாள்: ‘டம்ளருக்கு அடியில் தட்டு வைக்க வேண்டும்.’ அதற்கு விளக்கம் கேட்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக வேண்டியதில்லை.

ஆகவே தாங்கள் நீதிமன்றத்துக்கு எதுவும் எழுத வேண்டாம். யோசித்துப் பார்த்தால் அந்த வட்டத்தில் தொலைநோக்கு இருக்கத்தான் செய்கிறது. தட்டு எடுத்துவர நானே கோட்டைத் தாண்டிச் சமையலறைக்குள் போனேன். எந்த அலமாரியில் இருக்கிறது என்று வடக்கு மொழியில் கேட்கத் தெரியவில்லை. உங்கள் அக்கா ஹாலில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே கைகாட்டினாள்.