சோதினையரின் பதினேழாவது சோதனை

காலை எட்டு மணி பத்து நிமிடம். கிளிநொச்சியில், ஏ ஒன்பது வீதியோரத்து உரக்கடை ஒன்றின் மேல்மாடி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் படியேறிப் போன நான் முதலில் கண்டது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன் கால்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை. நான்கையும் ஆட்டி முடித்தார். நிமிர்த்தினார். தான் ஒருமுறை இருந்து பார்த்தார். பிறகு எழும்பி, கதிரையை என் பக்கம் தள்ளினார்.

“இருங்கோ பிள்ளை. பின்னங்கால் ஒண்டு கொஞ்சம் ஆடுது. சாயாதேங்கோ.”

வன்னிப் பெருநிலத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒருவர்தான் உண்டென்றால் அது அவர்தான். சூரியன் கிழக்கில் உதிப்பதைக்கூட அவர் மூன்று நாள் தொடர்ந்து பார்த்த பிறகே ஒப்புக்கொண்டிருப்பார். பரீட்சையை எங்கள் பக்கத்தில் சோதினை என்பார்கள். எல்லாவற்றுக்கும் சோதினை வைக்கும் அவருக்குச் சோதினையர் என்றே பெயர் விழுந்திருந்தது. பெற்றார் வைத்த பெயர் சம்பளச் சிட்டையில் மட்டும் இருந்தது.

பஸ்ஸில் பெயர்ப்பலகை தெளிவாக இருந்தாலும், எங்கே போகிறது என்று நடத்துநரிடம் கேட்பார். பிறகு முன்பக்கம் போய் அதையே சாரதியிடம் கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துவந்தால் ஏறுவார். கலியாண வீட்டுக்குப் போனால் பந்தல் கால் ஒன்றை ஆட்டிப் பார்க்காமல் உள்ளே போக மாட்டார். புதுக்குடியிருப்பில் ஒரு வீட்டில் அப்படி ஆட்டியபோது தோரணம் முழுவதும் மாப்பிள்ளையின் தலையில் இறங்கியது. பெண்ணின் மாமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார். சோதினையர் அசையவில்லை. “இப்ப விழுந்தது நல்லது. தாலி கட்டேக்க விழுந்திருந்தால்?” என்றார். மாமன் சற்று யோசித்துவிட்டு மற்றக் கால்களையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னாராம்.

இப்படிப்பட்டவருக்குக் கடவுள் கொடுத்த வேலை, மென்பொருள்களைச் சோதிப்பது.

அலுவலகம் தேவகி அக்காவுடையது. கடைகளுக்கும் சங்கங்களுக்கும் செயலிகள் செய்து கொடுத்தோம். பத்திரிகை ஒன்றின் திருத்தும் மேசையிலிருந்து வந்த எனக்கு, திரையிலும் போனிலும் வரும் தமிழை எழுதும் வேலை. நிரல் எழுதுபவர்களுக்குத் தலைவன் கஜன். இவர்கள் எழுதுவதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, கட்டி முடித்து, தானே சோதித்து, சரியென்றால் பச்சையும் பிழையென்றால் சிவப்பும் காட்டும் கருவி ஒன்று உண்டு. பில்ட் டூல் என்பார்கள். அதை எப்படி ஓட வேண்டும் என்று அமைத்து வைத்தவர் சோதினையர். எல்லாச் சோதனையும் பச்சையாகாமல் அது எதையும் வெளியே விடாது.

சிவப்பு விழுந்தால் ஒருவரும் திரையைப் பார்ப்பதில்லை என்று கண்டபோது, முரசுமோட்டையிலுள்ள தன் வயலில் மயில் கத்துவதைப் பதிவுசெய்து வந்து அதிலே பூட்டினார். அதற்குப் பிறகு சிவப்பு விழும்போதெல்லாம் மேல்மாடியில் மயில் கத்தியது. கீழே யூரியா வாங்க வந்தவர்கள் கூரையைப் பார்த்தார்கள். பின்வளவு வேம்பில் இருந்த உண்மையான மயில் பதில் சொன்னது. உரக்கடைப் பரமர் மேலே வந்து, மயிலுக்கு ஏதாவது போடுங்கோ, பசியிலை கத்துது என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது வேலை ஒவ்வொன்றையும் வெறுங்கையோடு தொடங்கக் கூடாது என்பது சோதினையரின் இன்னொரு கொள்கை. அதற்காக ஓர் அச்சு செய்திருந்தார். அச்சை எடுத்தால் போதும்: கோப்புகள், அமைப்புகள், பதினேழு சோதனைகள் எல்லாம் அதோடு வந்துவிடும். கல் அறுக்கும் அச்சு மாதிரி, எந்தச் செயலியும் ஒரே மூலை மட்டத்தோடு பிறந்தது. பதினேழில் கடைசி, செயலி அனுப்பும் குறுஞ்செய்தி உரியவரிடம் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. செய்தியை அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்கும். பிறகு பச்சை அல்லது மயில்.

அந்தப் பதினேழாவதுதான் எங்களை வாட்டியது. காலையில் பச்சை. மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டரை வரைக்கும் சிவப்பு. மூன்று மணிக்குத் திரும்பவும் பச்சை. நிரலில் ஓர் எழுத்துக்கூட மாறியிருக்காது. கஜன் முதலில் வெயில் என்றான். பிறகு பரமரின் ஐஸ்பெட்டி மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது என்றான். வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குச் சோதினையர் லீவு எடுத்துப் போன நாள் முழுவதும் சிவப்பு விழுந்தபோது, செய்மதியில் கோளாறு என்றான். நாங்கள் நம்பினோம். சோதினையர் மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வழமைபோல மேசையில் தலையை வைத்துக் கண்ணயர்ந்திருப்பார். அவருடைய பழைய பட்டன் போன் சட்டைப்பையில் நெஞ்சோடு கிடந்து அதிரும்.

ஒருநாள் அந்தப் போனை வீட்டிலே மறந்துவிட்டு வந்தார். அன்று காலை தொடக்கம் மயில் ஓயவில்லை. பதினொரு மணிபோல அவருடைய மனைவி ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாகப் படியேறி வந்தா. அவாவின் முகத்தைப் பார்த்ததும் கஜன் கதிரையோடு பின்னால் நகர்ந்தான். அவா நேரே கணவரிடம் போனா.

“எங்கட பிள்ளை கலியாணம் கட்டி வவுனியாவில இருக்கிறாள். புதுக்குடியிருப்பில ரியூசனுக்குப் போகாத பிள்ளை ஆற்ற பிள்ளை?”

போனை வாங்கிப் பார்த்தோம். ‘உங்கள் பிள்ளை இன்று வகுப்புக்கு வரவில்லை.’ அதே செய்தி வரிசையாக நின்றது. புதுக்குடியிருப்பு ரியூசன் நிலையம் ஒன்றுக்கு அந்தக் கிழமை நாங்கள் செய்துகொண்டிருந்த செயலி அனுப்பியது. அச்சில் மாதிரிப் பெறுநராகச் சோதினையர் தன் இலக்கத்தையே போட்டு வைத்திருந்தார். ஆகவே அச்சிலிருந்து பிறந்த எல்லாச் செயலியும் அவருக்குத்தான் எழுதின. கேக் தயார் என்றும், பால் குறைவு என்றும், பல்லுக் கட்ட வரச் சொல்லியும்.

“அது என்ர பிள்ளை இல்லை. மாதிரிப் பிள்ளை” என்றார் சோதினையர்.

“மாதிரிப் பிள்ளையோ?”

“ஓம். உண்மையில இல்லை. சோதினைக்கு வைச்சது.”

“சோதினைக்கு வைச்ச பிள்ளைக்குத் தாய் ஆர்?”

தேவகி அக்கா அவாவைத் தன் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, சோதனையை ஓட்டும் விசையை அவாவையே அமத்தச் சொன்னார். அவா அமத்தினா. மடியில் இருந்த போன் அதிர்ந்தது. திரும்பவும் அமத்தினா. திரும்பவும் அதிர்ந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகுதான் முகம் இளகியது. சோதினையரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவா அல்லவா. போகும்போது என்னிடம் ஒரு திருத்தம் சொன்னா. “வரவில்லை எண்டு போடாதேங்கோ பிள்ளை. வந்திட்டார் எண்டு போடுங்கோ. பாக்கிறவைக்கும் ஒரு நிம்மதி.” பத்திரிகையில் எனக்கு மேலே இருந்த எந்த ஆசிரியரும் இவ்வளவு சுருக்கமாகத் திருத்தியதில்லை.

அவா படி இறங்கிப் போன பத்தாவது நிமிடம் பதினேழாவது பச்சையாகிவிட்டது. அவா கொண்டுவந்த ராசி என்றான் கஜன். அதற்கு மேல் ஒருவரும் யோசிக்கவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. குளம் ஒன்றின் கமக்காரர் அமைப்புக்கு, அதாவது அதன் தண்ணீரில் பயிர்செய்யும் விவசாயிகளுக்கு, நீர் முறைச் செயலி செய்திருந்தோம். வெயில்காலப் பயிரான சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் மட்டு. எந்த வாய்க்காலுக்கு எந்த நேரம் முறை என்று செயலி கமக்காரருக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பின்னேரம் இரண்டு மணிக்குக் கூட்டம். பணம் போடும் கொழும்பு அலுவலர்கள் வருகிறார்கள். அங்கே ஓடினால் மற்றக் குளங்களின் வேலையும் எங்களுக்கு. ஓடாவிட்டால் கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு. அந்த வேலை கிடையாவிட்டால் மேல்மாடியை மூடிச் சாவியைப் பரமரிடம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று தேவகி அக்கா முதல்நாள் எங்களை இருத்தி வைத்துச் சொல்லியிருந்தார். கஜன் கொழும்பில் அறை விசாரிக்கத் தொடங்கியிருந்தான்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. விசையை அமத்தினோம். பதினாறு பச்சை. பதினேழாவது, மயில்.

திரும்ப அமத்தினோம். மயில். கஜன் நிரலை மேலிருந்து கீழே வாசித்தான். மயில். பரமரிடம் சொல்லி ஐஸ்பெட்டியை நிறுத்தினோம். மயில். வேம்பிலிருந்து மற்றது பதில் சொன்னது. ஒரு மணியாகியது. சோதினையர் அன்று தன் வயலுக்குத் தண்ணீர் கட்ட லீவு.

“பதினேழைக் கழட்டிப்போட்டு அனுப்புவம் அக்கா. ஒரு வரிதான்” என்றான் கஜன்.

தேவகி அக்கா யோசித்தார். கழற்றுவதென்றால் எனக்குச் சொல்லிப்போட்டுக் கழற்றுங்கோ என்று சோதினையர் முன்னொருநாள் கேட்டு, அவரும் ஓம் என்றிருந்தார். அக்கா தன் போனை எடுத்துச் சோதினையரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். நான்காம் முறை எடுத்தபோதுதான் மறுபக்கம் அவருடைய குரல் வந்தது.

“அண்ணை, பதினேழு சிவப்பு. கழட்டட்டோ?”

“கழட்டாதேங்கோ. செய்தி வந்தது.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான். ஏழு தரம் வந்திட்டுது. நல்ல தமிழ். நேரமும் சரி.”

“அப்ப ஏன் சிவப்பு?”

வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலால் அவர் சொன்னார்.

“பதில் போடக் காசில்லை, தேவகி. ரீலோட் முடிஞ்சுது. உந்த வெய்யிலுக்க கடைக்குப் போகப் பஞ்சியாக் கிடக்கு.”

கஜன் மெல்லக் குனிந்து போனுக்குள் கேட்டான்.

“அண்ணை, அந்தப் பதிலை நீங்களே போடுறனீங்கள்?”

“வேற ஆர் போடுறது? ‘வந்தது’ எண்டு தட்டி அனுப்பினால் பச்சை.”

“அது தானியங்கிச் சோதனையெல்லோ.”

“ஓம். நான் தானாத்தான் போடுறனான். ஒருத்தரும் சொல்லிப் போடுறேல்லை.” பிறகு, நாங்கள் ஏதோ அறியாப் பிள்ளைகள்போல விளக்கினார். “தம்பி, போனது எண்டு மிசின் சொல்லும். வந்தது எண்டு வாசிச்சவன்தானே சொல்லோணும்.”

மத்தியான நித்திரை, வல்லிபுரத் திருவிழா, வீட்டிலே மறந்த போன், எல்லாம் எங்கள் கண்முன்னே வரிசையாக வந்து நின்றன. நான்கு வருடமாக எங்கள் தானியங்கிச் சோதனை, சட்டைப்பைக்குள் கையை விட்டு மேசைக்குக் கீழே பதில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கு ஆரோ ஒரு பெண்பிள்ளையோடு கதை என்று கஜன் சொல்லித் திரிந்தது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது; கஜன் என்னைப் பார்க்கவில்லை.

திட்டுவதற்கு நேரம் இருக்கவில்லை. கஜன் இரண்டிரண்டு படியாகப் பாய்ந்து பரமரிடம் ஓடினான். உரத்தோடு ரீலோட்டும் விற்கும் பரமர், ஆடாமல் அசையாமல் கண்ணாடியைத் தேடினார். இலக்கத்தைக் கேட்டார். ஆற்ற இலக்கம் என்று கேட்டார். அவருக்கு நீங்கள் ஏன் போடுறியள் என்று கேட்டார். பதினேழாவது சோதனையை விளக்க அது நேரமல்ல என்று கஜன் சொன்னபோது, அப்ப ஐஸ்பெட்டியைப் போடலாமோ என்று கேட்டார்.

ஒன்று இருபத்தைந்துக்கு விசையை அமத்தினோம். ஐந்து நிமிடத்தில் நான்கு போய்விட்டது. கை முழுக்கச் சேறு, கழுவிவிட்டுத் தட்டினேன் என்று சோதினையர் பிறகு சொன்னார். பச்சை விழுந்தது. தேவகி அக்கா மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினார்.

கூட்டத்தில் செயலி ஓடியது. முன்வரிசையில் இருந்த ஒரு கமக்காரர் போனைத் தூரப் பிடித்து வாசித்துவிட்டு, எழுந்து நின்று, “எனக்கு வந்தது” என்று சபைக்குச் சொன்னாராம். மற்றக் குளங்களின் வேலை எங்களுக்குக் கிடைத்தது. கஜன் கொழும்பு அறைக்காரருக்கு வேண்டாமென்று சொன்னான்.

அதற்குப் பிறகு கஜன், பதிலைத் தானே போடும் ஒரு நிரல் எழுதினான். சோதினையர் அதை ஒரு கிழமை இரவு பகலாகச் சோதித்தார். பிழை எதுவும் அகப்படவில்லை. அந்த ஏமாற்றத்தில் அதற்குப் பொய்ப்போன் என்று பெயர் வைத்தார். அடுத்த மழைக்காலப் பயிரான காலபோகத்தோடு வேலையை விட்டு முழுநேர வயலுக்குப் போனார். போகிற அன்று எங்கள் எல்லோருடைய கதிரைகளையும் கவிழ்த்துப் பார்த்தார். என்னுடையதின் பின்னங்கால் அப்போதும் ஆடியது.

அச்சில் இப்போது பதினெட்டுச் சோதனைகள் இருக்கின்றன. பதினேழாவதுக்குப் பொய்ப்போன் பதில் சொல்கிறது. பதினெட்டாவது முரசுமோட்டைக்கு, சோதினையரின் பழைய போனுக்குப் போகிறது. அதற்காக எந்த வேலையும் காத்து நிற்பதில்லை. தேவகி அக்கா மாதம் பிறந்ததும் பரமரிடம் அந்த இலக்கத்துக்கு ரீலோட் போடுகிறார். செய்தியை எழுதுவது நான். இந்தக் கிழமை எழுதியது, ‘அங்கே மழையா?’

இன்று காலை பதில் வந்தது. ‘வந்தது. மழை இல்லை. கதிரைக்கால் இறுக்கினதோ?’

வந்தது என்ற ஒரு சொல்லுக்கு மேல் ஓரெழுத்து இருந்தாலும் முன்பு மயில் கத்தும். கஜன் அந்த விதியை மாற்றி வைத்திருக்கிறான். பச்சை விழுந்தது.