ஆற்றிக் குடித்த கள்

குடித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் கெடுத்துக்கொண்டவன் தென்காசி வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். அதுவும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டு!

எல்லாம் என் மாமனாரால் வந்தது. இலஞ்சியில் வயலும் தோப்புமாக மதிப்போடு வாழ்ந்தவர். மாலையானால் மட்டும் கள். அது ஊருக்கே தெரியும். தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர் மட்டும்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். வளைகாப்பு முடிந்து அவள் பெற்றோர் அழைத்துப்போக வந்தபோது என் மனைவி பகவதி அசையவில்லை. அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னாள்.

“அப்பா அந்த வாடையோட என் பிள்ளையத் தூக்குததை நான் பாக்க மாட்டேன். குடிய விட்டாவன்னா போறேன். இல்லன்னா இங்கனயே பெத்துக்கிடுதேன்.”

இங்கன என்றால், பெரியவர்கள் யாரும் இல்லாத வீட்டில், வெந்நீர் போடக்கூடத் தெரியாத என்னை நம்பி.

குற்றாலத்தில் குடியை விட்டவர்கள் சிலர் கூடுகிறார்கள், விட நினைப்பவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கே கூடுகிறார்கள் என்று யாரைக் கேட்பது? வராமல் நின்றுபோனவர்களைப் பற்றிக் கடைக்காரனுக்குத்தானே தெரியும் என்று என் மூளை சொன்னது. (இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.) நேராகக் கள்ளுக்கடைக்குள் நுழைந்தேன்.

“அவனுவளா? நல்லா நடந்த ஏவாரத்தைக் கெடுத்தவனுவ! ஐந்தருவி போற பாதையில, தோப்புக் கொட்டகையில கூடுதானுவ” என்றான் கடைக்காரன்.

வெளியே வந்தால் எதிரே எங்கள் தலைமையாசிரியர். கும்பிட்டேன். அவர் திரும்பக் கும்பிடவில்லை.

அடுத்த சிக்கல், மாமனாரை அங்கே கொண்டுபோவது. மாமனாரைப் பார்த்து ‘நீங்கள் குடிக்கிறீர்கள்’ என்று மாப்பிள்ளை சொல்வது எங்கள் பக்கம் நடக்கிற காரியமா? பகவதிதான் வழி சொன்னாள்.

“நீங்கதான் குடிக்கியன்னு அப்பாகிட்ட சொல்லுங்க. தொணைக்குக் கூப்புடுங்க. மாப்ள கேட்டா அப்பா தட்ட மாட்டாவ.”

அப்படியே சொன்னேன். மாமனார் பதறிப்போனார். “என்ன மாப்ள, இந்த வயசுலயா? நான் இருக்கேன், கவலப்படாதிய” என்று என் தோளைத் தட்டினார். கள் வாடை என் முகத்தில் அடித்தது.

சாரல் தூறிய ஒரு மாலையில் வில்வண்டியில் போய் இறங்கினோம். கொட்டகையில் ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டையா. சுதந்திரப் போராட்ட மறியல் காலத்தில் கள்ளுக்கடைக்குக் காவல் நின்று, நின்ற இடத்திலேயே குடிக்கப் பழகியவராம். அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். மாமனார் வாசல் பக்கமாக, வேடிக்கை பார்க்க வந்தவர் போல ஒதுங்கி உட்கார்ந்தார்.

“எப்படிக் குடிப்பிய, சொல்லுங்க தம்பி. இங்கன யாரும் சிரிக்க மாட்டாவ” என்றார் ஏட்டையா.

எனக்குத் தெரிந்தது காப்பி ஒன்றுதான். “சாயங்காலம் வந்ததும் ஒரு டம்ளர்” என்று இழுத்தேன். “நன்றாக ஆற்றி, கொஞ்சம் சர்க்கரை தூக்கலாக...”

ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொருவர் கூரையைப் பார்த்தார். வாசலிலிருந்து என் மாமனாரின் குரல் வெடித்தது.

“என்ன மாப்ள பேசுதிய? கள்ள யாராவது ஆத்திக் குடிப்பாவளா? சர்க்கரையா? பனையோலைப் பட்டையில ஊத்தி, நுரை அடங்குததுக்குள்ள ஒரே மூச்சுல இழுக்கணும். இத்தன வருசமா நான்...”

அங்கேயே நின்றுவிட்டது பேச்சு. மாமனார் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். என் உயிர் என்னிடம் இல்லை. இனி இந்த மனிதர் என் முகத்தில் விழிப்பாரா?

ஏட்டையா சிரிக்கவில்லை. தன் பக்கத்தில் பாயைத் தட்டினார். “உள்ள வாங்க அண்ணாச்சி. இந்த எடம் ஒங்களுக்குத்தான். தம்பி காப்பி குடிக்கிற ஆளுன்னு பாத்ததுமே தெரிஞ்சிட்டு.”

கடையில் கூட்டம் சேர்கிற நேரம் வந்ததும் எல்லாரும் எழுந்து அருவிக்குப் போனார்கள். அதுதான் அவர்கள் முறை. கள் நினைப்பு வருகிற நேரம் முழுக்க, கைகோத்துக்கொண்டு அருவியின் கீழே நிற்பார்கள். மண்டையில் அந்தத் தண்ணீர் விழும்போது வேறு எந்த நினைப்பும் நிற்காது. மாமனார் நடுவில் நின்றார். ஒரு பக்கம் ஏட்டையா, மறு பக்கம் நான். (என் வேட்டி பாதியிலேயே அருவியோடு போய்விட்டது. கையை விடக்கூடாது என்று உத்தரவு. துண்டு போட்டு என் மானத்தைக் காப்பாற்றியவர் யாரென்று இன்றுவரை தெரியாது.)

அதிலிருந்து மாமனார் தினமும் அருவிக்குப் போனார். இடையில் ஒருமுறை வழுக்கி விழுந்தார். அருவியில் அல்ல, கள்ளுக்கடையில். மறுநாள் அந்தக் கூட்டம் முழுவதும் இலஞ்சி வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. “குளிக்கப் போவமா அண்ணாச்சி?” என்றார்கள், அவ்வளவுதான். அவர் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எத்தனையோ பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று துண்டோடு படியிறங்கிய அந்த மனிதரைவிடத் தைரியசாலியை நான் பார்த்ததில்லை.

பகவதி இலஞ்சிக்குப் போனாள். பையன் அங்கேதான் பிறந்தான். தாத்தா தூக்கினார். பகவதி மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். திருநீறு வாடைதான்.

ஆனால் கள்ளுக்கடையிலும் கொட்டகையிலும் என்னைப் பார்த்தவர்களால், தென்காசியில் குடியை விட்ட வாத்தியார் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், எங்கள் தலைமையாசிரியர் நாலு பேர் முன்னால் என் கையைப் பிடித்துக் கண்கலங்கிப் பாராட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார், “எங்க மாப்ள லேசுப்பட்ட ஆளில்ல” என்று தலையாட்டினார். பிறகு எனக்கு வந்த காப்பியை வாங்கி, நிதானமாக ஆற்றி, கையில் கொடுத்தார்.

“பாத்து மாப்ள. ஒரு டம்ளரோட நிறுத்திக்கிடுங்க.”