கறுப்புப் பொலித்தீனுக்குப் பின்னால் இரண்டு நட்சத்திரங்கள்

விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் தாங்கள் படிப்பிப்பதை நம்புகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நான் நம்பாமல் மாட்டிக்கொண்டவன்.

அப்போது நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் தற்காலிக விரிவுரையாளர். (வேலைதான் தற்காலிகம், எடுப்பும் தலைக்கனமும் நிரந்தரம்.) நட்சத்திரங்கள் பிறக்கும் நெபுலா ஒன்றைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு மாலைக் கூட்டம். முன்வரிசையில் எங்கள் ஆய்வுகூட உதவியாளர் யூடித்தின் அப்பா. குருநகரில் படகு வைத்திருப்பவர். யூடித்தும் நானும் ஒரு வருடமாக விரும்புவது அவருக்குத் தெரியாது. வீட்டில் அவளுக்குக் கனடா மாப்பிள்ளைப் பேச்சு முற்றியிருந்தது. என் பேச்சால் அவரை மயக்கி, கூட்டம் முடிந்த கையோடு பெண் கேட்பதாகத் திட்டம்.

"சாதாரண ஒளியிலை பாத்தால் இது வெறும் கறுப்புத் தூசி மேகம். அகச்சிவப்பிலை பாத்தால் உள்ளுக்குப் பிறந்த நட்சத்திரங்கள் பளிச்செண்டு தெரியும். அகச்சிவப்புக்கு மறைப்பே இல்லை!" என்று முழங்கி இரண்டு படங்களையும் காட்டினேன். அடுத்தது செய்முறை. மேடையில் கட்டிய கறுப்புப் பொலித்தீன்தான் தூசி. பின்னால் உட்காரப்போகும் யூடித்தும் நானும் நட்சத்திரங்கள். உடம்புச் சூட்டை அகச்சிவப்பில் படமாக்கும் கமெரா ஒன்றை இரவல் வாங்கிப் பெரிய திரையோடு இணைத்திருந்தோம்.

போய் உட்கார்ந்தோம். யூடித்தின் கை பதற்றத்தில் சில்லிட்டிருந்தது. பிடித்தேன்.

"விடுங்கோ, அப்பா முன்னுக்கு இருக்கிறார்."

"பொலித்தீனுக்குப் பின்னாலை ஆருக்குத் தெரியப்போகுது?" என்று அந்தக் கையை என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். (பத்து நிமிடம் தொண்டை கிழியக் கத்தியவன் கேட்ட கேள்வி!)

மண்டபம் அதிரக் கைதட்டல். விஞ்ஞானத்துக்கு இவ்வளவு ஆதரவா என்று புல்லரித்துப்போய், கையில் ஒரு முத்தமும் கொடுத்தேன். விசில் பறந்தது. குளிர்ந்து நீலமாயிருந்த கை ஒன்று என் கன்னத்தில் பட்டு மெல்லச் சிவந்ததைத் திரையில் முழு மண்டபமும் பார்த்ததாம். என் மூக்குக்கண்ணாடி மட்டும் சூட்டை மறைத்து, இரண்டு கறுப்பு வட்டங்களாகத் தெரிந்ததாம். வேறு ஆள் என்று சாதிக்கவும் வழியில்லை.

வெளியே வந்தால், மேடையடியில் யூடித்தின் அப்பா.

"தம்பி, நட்சத்திரமும் கண்ணாடி போடுமோ?"

கனடா விமானம் தலைக்கு மேலே பறப்பது போலிருந்தது எனக்கு.

"பிள்ளையின்ரை கை ஏன் அப்பிடி நீலமாக் கிடந்தது?"

"பதற்றத்திலை... குளிர்ந்து போச்சு, ஐயா."

அவர் மகளைப் பார்த்தார். "கனடாப் பெடியனோடை கதைக்கேக்கையும் இவளுக்கு இப்பிடித்தான் கை குளிரும். சூடாகினதை இண்டைக்குத்தான் கண்டன். ஞாயிற்றுக்கிழமை உங்கடை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாரும்."

சந்தோஷத்தில் நான் பொலித்தீனில் தடுக்கி விழுந்தேன்.

இன்றைக்கும் குசினியில் சமைக்கையில் எங்கள் இருவருடைய குரலும் கொஞ்சம் தணிந்தால் போதும், முன்விறாந்தையிலிருந்து மாமா சத்தம் போடுவார்: "பிள்ளையள், கமெரா ஓடுது!"

நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவேன். அடையாளம் தெரியக்கூடாதல்லவா.