ஏச்சு நின்ற நாள்

தலைமைப் பண்பின் விலை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. சாப்பாடு வேண்டாமென்றால் என்ன விலை என்று சிராஜுதீன் கேட்டுப் பார்த்தார். அப்போதும் மூவாயிரத்து ஐந்நூறுதான் என்றார் எப்சி அம்மாள்.

எப்சி அம்மாள், வகுப்பு நடத்தும் கர்னல் அருமைநாயகத்தின் மனைவி. பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டு மாடியில்தான் வகுப்பு. கீழே மேசை போட்டு உட்கார்ந்து பணம் வாங்குவது அம்மாளின் பொறுப்பு. கர்னல் பனிமலையிலும் பாலைவனத்திலும் படை நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது ஞாயிறுதோறும் மற்றவர்களுக்கு ஆள் நடத்தக் கற்றுக்கொடுக்கிறார்.

திருநெல்வேலி டவுனில் பட்டுக்கடை வைத்திருக்கும் ஒருவர், கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டு மாடியேறினார் என்றால் அவருக்கு எப்பேர்ப்பட்ட நெருக்கடி இருந்திருக்க வேண்டும். இருந்தது. அதன் பெயர் பெருமாள்ராஜ்.

பெருமாள்ராஜ் அந்தக் கடையின் மூத்த விற்பனையாளர். அவர் ஒரு சேலையை உதறி விரித்தால், மழைக்கு ஒதுங்கியவர்கள்கூட வாங்கிக்கொண்டுதான் போவார்கள். வண்ணார்பேட்டையில் லிஃப்ட் வைத்த நாலுமாடி ஜவுளிக்கடை ஒன்று அவரைக் கூப்பிடுகிறது, திங்கட்கிழமை சாயங்காலம் பதில் சொல்லப்போகிறார் என்று டீக்கடையில் பேச்சு. சிராஜுதீன் நேரடியாகவே கேட்டார். பெருமாள்ராஜ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த சேலையை மடித்துக்கொண்டே இருந்தார். அவர் போய்விட்டால் கடையைப் பூட்டிவிட்டு மேலப்பாளையத்தில் வீட்டோடு உட்கார வேண்டியதுதான்.

ஞாயிறு வகுப்பு முடிந்து, திங்கட்கிழமை காலையில் புது மனிதராகக் கடைக்கு வந்தார் சிராஜுதீன். கல்லாவில் உட்காரும்போதே ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. ஆவணிக் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்த கூட்டம். பெண்ணின் அத்தை பாயின் நடுவில் உட்கார்ந்த தோரணையிலேயே பணம் யாருடைய இடுப்பில் இருக்கிறது என்று தெரிந்தது.

அந்தக் கடையில் பட்டு விற்பதற்கு ஒரு முறை உண்டு. பெருமாள்ராஜ் விலையை ஏற்றிச் சொல்வார். வந்தவர்கள் முகம் சுளித்ததும் கல்லாப் பக்கம் திரும்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சுவார். சிராஜுதீன் ஏசுவார். கடையை உனக்கு எழுதி வைத்திருக்கிறேனா, நீ யார் பக்கம், என் பிள்ளைகளைப் பிச்சையெடுக்க விடப் பார்க்கிறாயா என்று தெருவுக்கே கேட்கும். நமக்காக ஒரு மனுஷன் இத்தனை ஏச்சு வாங்குகிறாரே என்று வந்தவர்களுக்கு மனம் இளகும். அவர்கள் இரண்டு படி ஏற, சிராஜுதீன் முனகிக்கொண்டே இரண்டு படி இறங்க, வியாபாரம் படியும். கடையில் இதற்கு எசப்பாட்டு என்று பெயர்.

கர்னலின் முதல் பாடமோ இதற்கு நேர் எதிர். கீழே இருப்பவர் எடுத்த முடிவை நாலு பேர் முன்னால் மாற்றக் கூடாது. ஒருமுறை தன் சுபேதார் தப்பான பாதையைக் காட்டியபோதும், சிப்பாய்கள் முன்னால் மறுக்காமல் அவர் பின்னாலேயே நடந்ததைக் கர்னல் விவரித்தபோது சிராஜுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாதை எங்கே போய்ச் சேர்ந்தது என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

முகூர்த்தப் பட்டுக்கு நாற்பத்தெட்டாயிரம் என்றார் பெருமாள்ராஜ். அத்தை சேலையை மடியிலிருந்து தள்ளிவிட்டார். பெருமாள்ராஜ் வழக்கம்போலத் திரும்பினார்.

“மொதலாளி, ஆழ்வார்குறிச்சிக்காரங்க. பாத்துச் சொல்லுங்க.”

“நீங்க சொன்னா சரிதான், பெருமாள்ராஜ்.”

 பெருமாள்ராஜ், மொத்தமாக எடுக்க வந்திருக்கிறார்கள் என்று இன்னொரு தடவை எடுத்துக்கொடுத்தார்.

“ஒங்க முடிவுல நான் தலையிடுததா இல்ல” என்றார் சிராஜுதீன்.

பெருமாள்ராஜ் தான் ஏற்றிய விலையைத் தானே இறக்கினால் முதலில் சொன்னது பொய் என்றாகிவிடும். இறக்கிவிட வேண்டியவர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நிலைமை சரியில்லை என்று சிராஜுதீனுக்கும் புரிந்தது. இரண்டாவது பாடத்தை எடுத்தார்: தலைவன் இருக்கையில் இருக்கக் கூடாது, முன்னால் வந்து நிற்க வேண்டும். பாராட்டுவதாக இருந்தால் எல்லோர் காதிலும் விழும்படி பாராட்ட வேண்டும். கல்லாவை விட்டு எழுந்து வந்து பெருமாள்ராஜின் தோளில் கை போட்டார்.

“இவர மாதிரி நேர்மையான ஆளு இந்த டவுன்லயே கெடையாதும்மா. வாங்குன வெல, விக்கிற வெல எல்லாம் இவருக்கு மனப்பாடம். பொய்யே வராது.”

“அப்படியா” என்றார் அத்தை. “அப்ப இத வாங்குன வெல என்னன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க பாய்.”

பெருமாள்ராஜ் கூரையைப் பார்த்தார். சிராஜுதீன் தரையைப் பார்த்தார். பெண்ணின் தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். அத்தை மட்டும் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார்.

நல்ல வேளையாகச் சாப்பாட்டு நேரம் வந்தது. கூட்டம் பக்கத்து ஓட்டலுக்குப் போனது. வருவார்களா என்பதே சந்தேகம். அடையாளமாக ஒரு பையைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லை.

ஆட்கள் சாப்பிட்ட பிறகுதான் அதிகாரி சாப்பிட வேண்டும் என்பது மூன்றாவது பாடம். வழக்கமாக முதலில் கை நனைக்கிற சிராஜுதீன் அன்று, பந்தி விசாரிப்பவரைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு பெருமாள்ராஜின் முதுகுக்குப் பின்னால் நின்றார். முதலாளி பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்குச் சோறு இறங்கும்? பெருமாள்ராஜ் பாதியில் மூடிவிட்டார். சர்க்கரை வியாதிக்காரரான சிராஜுதீனுக்கோ பசி தாங்கவில்லை. கண்ணுக்கு முன்னால் பட்டுச் சேலைகள் தாமாகவே விரிந்தன, மடிந்தன.

சரக்கறைக்குள் போய், டீக்கு வைத்திருந்த சர்க்கரையில் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கர்னலுக்குப் போன் போட்டார். ஆள் கலங்கிப்போய் இருக்கிறார், கூட்டமும் கை நழுவப் பார்க்கிறது, என்ன செய்வது என்று கிசுகிசுத்தார். மறுமுனையில் கிசுகிசுப்பு இல்லை.

“அதிகாரத்தப் பாதியாக் குடுத்தா இப்படித்தான் ஆகும் சிராஜுதீன். முழுசாக் குடுங்க.”

கூட்டம் திரும்பி வந்திருந்தது. அத்தை செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, கடைசியாக ஒரு விலை கேட்டார். சிராஜுதீன் அரைஞாணில் முடிந்திருந்த கல்லாச் சாவியை அவிழ்த்து, இரண்டு கையாலும் பெருமாள்ராஜிடம் நீட்டினார்.

“இன்னிக்கு நீங்கதான் கல்லால உக்காரணும். நீங்க வச்சதுதான் வெல.”

பெருமாள்ராஜ் சாவியைத் தொடவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

“கணக்க முடிக்கணும்னா நேரா சொல்லிருங்க மொதலாளி. காலைல இருந்து ஒரு ஏச்சு இல்ல, ஒரு லே இல்ல. சாப்பாட்ட எட்டி எட்டிப் பாக்கிய. எதுக்கு இந்த மரியாதையெல்லாம்? நானே போயிருதேன்.”

தூக்குச்சட்டியை எடுத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அத்தைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படி இறங்கினார். விற்பவரே போன பிறகு நமக்கென்ன வேலை என்பதுபோல அத்தையும் திரும்பினார். வேன் டிரைவர் வண்டியைக் கிளப்பினான்.

நாலாவது பாடம் என்னவென்று சிராஜுதீனுக்கு ஞாபகம் வரவில்லை. தொண்டை மட்டும் தன் பழக்கத்துக்குப் போய்விட்டது.

“ஏலே பெருமாள்ராஜ், எங்கலே போற? நாப்பத்தெட்டுன்னு வெல சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போனா, வந்தவங்களுக்கு எவம்லே பதில் சொல்லுவான்? கூறு கெட்ட மூதி. அவங்க என்ன கோட்டைய வித்துட்டா வந்திருக்காங்க? வந்து சேலைய எடுத்துக் கையில குடுலே.”

பெருமாள்ராஜ் படியில் நின்றார். வெளுத்திருந்த முகத்தில் மறுபடி ரத்த ஓட்டம் வந்தது.

“அதான் மொதலாளி நானும் சொல்லுதேன். ஆழ்வார்குறிச்சிக்காரங்க. பாத்துச் சொல்லுங்க.”

“என்னத்தப் பாத்து? என் சட்டையக் கழட்டிக் குடுத்துரவா?”

அத்தையின் முகம் மலர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த பாஷை. “பாவம், அவர ஏன் ஏசுதிய பாய்” என்றபடி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சம்மணமிட்டார். முகூர்த்தப் பட்டு முப்பத்தொன்பதுக்குப் படிந்தது. சம்பந்தி வீட்டுக்குச் சேலைகள், மாப்பிள்ளைக்கு வேட்டி, கூட வந்தவர்களுக்குத் துண்டு என்று வேனின் பின் இருக்கை நிறைந்தது.

சாயங்காலம் சிராஜுதீன் பெருமாள்ராஜைத் தனியே கூப்பிட்டார். ஏச்சுக்குப் பஞ்சம் வராது என்று முதலில் உறுதி கொடுத்தார். அதன்பிறகு, சம்பளத்தில் நாலாயிரம் கூட்டுவதாகவும், வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு என்றும், பெருநாளோடு தீபாவளிக்கும் போனஸ் உண்டென்றும் சொன்னார். பெருமாள்ராஜ் பேசாமல் நின்றதால் சம்பளத்தில் இன்னொரு ஐந்நூறைச் சிராஜுதீன் தானாகவே சேர்த்துச் சொன்னார். வண்ணார்பேட்டைக்கு இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் என்று பெருமாள்ராஜ் போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார்.

சிராஜுதீன் காலை நீட்டி உட்கார்ந்தார். பாடங்கள் தலைகீழாகப் போனாலும் ஆள் தங்கிவிட்டார். மூவாயிரத்து ஐந்நூறு வீணில்லை. சாப்பாடும் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் போன் அடித்தது. எப்சி அம்மாள்.

“அண்ணாச்சி, சொல்லிக்குடுத்தபடியே எல்லாம் முடிஞ்சுதுன்னு கர்னல்ட்ட சொல்லச் சொல்லி பெருமாள்ராஜ் இப்பத்தான் கூப்பிட்டாரு, நீங்க வந்ததுக்கு முந்தின ஞாயிறு, வேற கடை கூப்பிடுதுன்னு பேச்சக் கெளப்பி மொதலாளிய வழிக்குக் கொண்டுவர்றது எப்படின்னு வேலையாட்களுக்கு ஒரு வகுப்பு நடந்துச்சுல்லா, அதுக்கு அவரு வந்த பீஸ நீங்க தருவியன்னு சொல்லிட்டுப் போனாரு, ஆயிரத்து ஐந்நூறு இன்னும் பாக்கி நிக்குது.”